பொலிஸைக் கூப்பிடாமல் என் மகனுக்கு யார் உதவுவார்கள்?

கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். நீண்ட கடிதம், அதன் சாரம் இது.

மகனுக்கு 26 வயது. பத்து வயதில் பெற்றோருடன் கனடா வந்தவர். 21 வயதில் ஸ்கிசோஃப்ரினியா என்று வைத்தியர்கள் சொன்னார்கள். குளிசை எடுத்த காலத்தில் ஒரு வேர்ஹவுஸில் வேலைக்கும் போய் வந்தார். உடம்பு வைக்கிறது, எந்நேரமும் நித்திரை தூக்கிக்கொண்டு வருகிறது என்று போன ஆண்டு குளிசையை நிறுத்திவிட்டார். போன குளிர்காலத்தில் ஓர் இரவு, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குள் மைக் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி டிவியை உடைத்துவிட்டு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். தங்கச்சி பயந்துபோய் 911 என்ற அவசர இலக்கத்தை அழைத்தார். நான்கு பொலிஸார் வந்து கதவைத் தள்ளித் திறந்து, கையைப் பின்னால் விலங்கிட்டு, வெறுங்காலோடு பனிக்குள்ளால் அவரை நடத்திக்கொண்டு போனார்கள். தகப்பன் தொண்ணூறுகளில் ஊரில் ஆமி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். அன்றிரவு அவர் குசினி மூலையில் இருந்தவர், விடியும்வரை எழும்பவில்லை. வைத்தியசாலை மூன்றாம் நாள் மகனை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் தங்கச்சியோடு கதைப்பதே இல்லை.

இப்போது மறுபடி மூன்று இரவாக நித்திரை இல்லை. சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார். யன்னல் சீலையை ஊசி குத்தி மூடி வைத்திருக்கிறார். 211 என்ற உதவி இலக்கத்தை அழைக்கலாம் என்று கோயிலில் ஒருவர் சொன்னாராம். அவர்கள் பொலிஸின் ஆட்களா? பலவந்தமாகக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்றால் அவர்களால் என்ன பயன்? மகன் இன்னும் பிரஜாவுரிமை எடுக்கவில்லை, வதிவிடம் பறிபோகுமா? "நீதிமன்றத்தில் தாள் எடுத்து ஆஸ்பத்திரியில் போடு" என்று அண்ணன் சொல்வதைக் கேட்கலாமா? தேத்தண்ணீருக்குள் குளிசையைப் பொடித்துப் போடலாமா? இவைதான் அந்தத் தாயின் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

"இன்னும் ஒன்றும் உடைக்கவில்லை, அதனால் யாரையும் கூப்பிடும் அளவுக்கு வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த அளவுக்கு வந்துவிட்டது. 211ஐ அழைக்கவேண்டிய நேரம் இதுதான், பொருட்கள் உடையும் நேரம் அல்ல. கையில் ஏதாவது இருக்கிறபோது அழைத்தால், அவர்களே விஷயத்தை 911க்கு மாற்றவேண்டி வரலாம். நித்திரை குலைந்து, சந்தேகம் கூடி, ஆனால் இன்னும் கதைத்தால் பதில் சொல்கிற நிலையில் இருக்கும்போது அழைக்கும் குடும்பங்களுக்குத்தான் இந்தச் சேவை நன்றாக உதவுகிறது. இந்தக் கடிதத்தை முழுதும் வாசித்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டாம். மகள் பக்கத்தில் இருந்தால் இப்போதே இருவருமாக அழையுங்கள்.

211ஐ அழைத்தால் வருவது யார்?

பொலிஸின் ஆட்கள் இல்லை. ரொறன்ரோ சமூக நெருக்கடிச் சேவை என்று அதற்குப் பெயர். பணம் கொடுப்பது மாநகரம், ஆட்களை வைத்து நடத்துவது சமூக அமைப்புகள். உங்கள் பக்கத்தில் மல்வேர்னில் உள்ள தாயிபு சமூக சுகாதார நிலையம், நகர மையத்தில் கேர்ஸ்டைன் நெருக்கடி நிலையம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியபோது முதலில் வந்த பகுதிகளில் வடகிழக்கு ஸ்காபரோவும் ஒன்று. 2023 நவம்பரில் மாநகர சபை இதைப் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸுக்கு அடுத்த நான்காவது அவசர சேவையாக ஏற்றுக்கொண்டது. 2024இல் முழு நகரத்துக்கும் விரிந்தது.

இது சும்மா வந்த சேவை இல்லை அம்மா. 2020 யூனில் மிசிசாகாவில் 62 வயதான இஜாஸ் சௌத்ரி என்பவர் மருந்து எடுக்காமல் இருக்கிறார் என்று குடும்பத்தார் உதவி கேட்டு அவசரமற்ற இலக்கத்தைத்தான் அழைத்தார்கள். கடைசியில் பொலிஸார் பல்கனி வழியாக உள்ளே போய் அவரைச் சுட்டார்கள், அவர் இறந்துபோனார். அதற்கு முந்திய மாதம்தான் ரொறன்ரோவில், பொலிஸார் வீட்டுக்குள் இருந்த நேரத்தில், ரெஜிஸ் கோர்ச்சின்ஸ்கி-பக்கே என்ற 29 வயதுப் பெண் 24ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அவருடைய தாயும் உதவி கேட்டுத்தான் அழைத்திருந்தார். நோய்க்கு உதவி கேட்டால் ஏன் துப்பாக்கி வருகிறது என்று இந்த நகரத்தின் குடும்பங்கள் அன்று தெருவில் நின்று கேட்டன. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இருக்கிற பயம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பயம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

யோசனையும் புதியது அல்ல. கேர்ஸ்டைன் நிலையம் 1989 முதல் இயங்குகிறது. எண்பதுகளில் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து விடப்பட்டவர்கள் தங்க இடமில்லாமல் தவித்தபோது, டொக்டர் ரேவா கேர்ஸ்டைன் தலைமையில் மாநகர முதல்வர் அமைத்த குழுவின் பரிந்துரையில் பிறந்தது அது. வைத்தியசாலை போல இல்லாமல் ஒரு வீடு போல இருக்கவேண்டும் என்று கேட்டவர்களில் மனநோயை அனுபவித்தவர்களும் இருந்தார்கள். இன்றைக்கும் உங்கள் வீட்டுக்கு வரும் குழுக்களில் அப்படித் தாங்களே அனுபவித்து மீண்டவர்கள் வேலை செய்கிறார்கள்.

211 இரவு பகல் எந்நேரமும் உண்டு, இலவசம். எடுத்தவுடன் "டமில்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். எங்கே இருக்கிறீர்கள், மகனுக்கு என்ன வயது, வீட்டில் வேறு யார், இப்போது என்ன செய்கிறார், கையில் ஏதும் இருக்கிறதா என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாவம் பார்த்துக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், கெதியில் வரட்டும் என்று கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வாசலில் நிற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், சில நேரம் சுணங்கும்.

பலவந்தம் செய்யாதவர்களால் என்ன பயன்?

நீங்கள் கேட்டதிலேயே பெரிய கேள்வி இதுதான். அவர்களிடம் துப்பாக்கி இல்லை, விலங்கு இல்லை, ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகும் அதிகாரமும் இல்லை. மகன் "வேண்டாம், போங்கள்" என்றால் போய்விடுவார்கள். அதை நீங்கள் ஒரு குறையாகப் பார்க்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

உங்கள் மகன் இன்றைக்கு எதற்குப் பயந்து சீலையைக் குத்தி மூடியிருக்கிறார்? தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று. போன முறை அது உண்மையாகவே நடந்தது. நோய் சொன்ன பொய்யை அந்த இரவு மெய்யாக்கிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் "உள்ளே வரலாமா?" என்று ஒருவர் கேட்டு, அவர் இல்லை என்றால் உண்மையிலேயே திரும்பிப் போனால், அதுவே ஒரு சிகிச்சையின் தொடக்கம். முதல் நாள் கதவு திறக்காமல் இருக்கலாம். அடுத்த முறை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கதைக்கச் சம்மதிக்கலாம். வருகிறவர்கள் அவசரப்படமாட்டார்கள். நோயைப் பற்றி வாதாடாமல் நித்திரை வந்ததா, என்ன சாப்பிட்டீர்கள், எது பயமாக இருக்கிறது என்று அவருக்குக் கஷ்டமாக உள்ளதில் இருந்து தொடங்குவார்கள். விரும்பினால் வைத்தியசாலைக்கு அவரோடு சேர்ந்து வருவார்கள். அப்புறம் மறுபடி அழைத்து விசாரிப்பார்கள், வைத்தியர், தங்குமிடம் போன்றவற்றுக்கு வழி செய்து தருவார்கள். முதல் ஆண்டு மதிப்பீட்டின்படி, 911இலிருந்து இவர்களுக்கு மாற்றப்பட்ட அழைப்புகளில் 78 சதவீதம் பொலிஸ் இல்லாமலே கையாளப்பட்டன. சம்மதம் கேட்டே இவ்வளவும் நடந்தது.

ஆனால் ஒன்றைச் செய்யாதீர்கள். அவருக்குத் தெரியாமல் அழைத்துவிட்டு, ஆட்கள் வந்ததும் "நண்பர்கள் வந்திருக்கிறார்கள்" என்று சொல்லவேண்டாம். முன்கூட்டியே சொல்லுங்கள்: "தம்பி, நீ படுக்காமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. பொலிஸைக் கூப்பிடமாட்டேன். பொலிஸ் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள், உன்னோடு கதைக்கட்டுமா?" மைக் இருக்கிறதா இல்லையா என்ற வாக்குவாதத்துக்குள் போகாதீர்கள். "எனக்கு அது கேட்கவில்லை, ஆனால் உனக்கு எவ்வளவு அந்தரமாக இருக்கும் என்று விளங்குகிறது" என்பது போதும். கணவரிடமும் சொல்லி வையுங்கள். வாசலில் அந்நியர் வந்து நின்றால் அவருக்கும் அந்த இரவு திரும்பி வரும்.

இன்னொன்று. இந்தச் சேவை ரொறன்ரோ மாநகர எல்லைக்குள் மட்டும்தான். ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் மார்க்கம், அது யோர்க் பிரதேசம். நம் சனம் நிறைய அங்கே இருப்பதால் சொல்கிறேன். அங்குள்ளவர்கள் 1-855-310-2673 என்ற நெருக்கடி இலக்கத்தை அழைக்கலாம். தற்கொலை எண்ணம் என்றால் கனடா முழுவதற்கும் 988 இருக்கிறது, ஆனால் அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான், மகனோ மகளோ கதைக்கவேண்டி வரும்.

911ஐ அழைத்தே ஆகவேண்டிய நேரம்

கையில் கத்தி, யாரையாவது தாக்குவது, அளவுக்கு மீறிக் குளிசை விழுங்கியது, நெருப்பு, நினைவிழப்பு. இவற்றில் எது நடந்தாலும் யோசிக்காமல் 911தான். "பொலிஸைக் கூப்பிடமாட்டேன்" என்று மகனுக்குக் கொடுத்த வாக்கும் இந்த இடத்தில் நிற்காது. அதையும் அவர் தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில் சொல்லி வையுங்கள். மனநோய் என்று சொன்னால் அம்புலன்ஸ் மட்டும் வரும் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை, பொலிஸும் வரும். ஆகவே என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். இது மனநல அவசரம், அவருக்கு என்ன நோய், கையில் என்ன இருக்கிறது அல்லது ஒன்றும் இல்லை, சீருடையைக் கண்டால் பயப்படுவார், போன முறை என்ன நடந்தது: இவ்வளவையும் முதலிலேயே சொல்லுங்கள். மனநலத் தாதியும் பயிற்சி பெற்ற பொலிஸ் அதிகாரியும் சேர்ந்து வரும் நடமாடும் நெருக்கடிக் குழுவை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, கேட்டால்தான் கிடைக்கவும் வாய்ப்பு. ஆயுதம் இல்லை, ஆபத்து இல்லை என்றால் 211க்கு மாற்றித் தரும்படியும் 911இலேயே கேட்கலாம். ஒருவர் வெளியில் போய் வந்தவர்களைச் சந்தித்து, மகன் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லவேண்டும். குசினிக் கத்திகளை இன்றைக்கே எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

அண்ணன் சொன்ன தாள்

அப்படி ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அண்ணன் நினைப்பது போல அது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும் சீட்டு இல்லை. ஒன்ராறியோ மனநலச் சட்டத்தின்படி சமாதான நீதவானிடம் சத்தியம் செய்து விபரம் கொடுத்தால் அவர் ஓர் ஆணை தரலாம். இரண்டாம் இலக்கப் படிவம் என்பார்கள், ஏழு நாள் செல்லும். அந்த ஆணையைக் கொண்டு வருவது யார் தெரியுமா? பொலிஸ்தான். வைத்தியர் பார்ப்பதற்காக மகனை அவர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். போன குளிர்காலத்து இரவை நீங்களே ஒழுங்கு செய்தது போல ஆகிவிடும்.

குடும்ப வைத்தியரோ வேறொரு வைத்தியரோ கடந்த ஏழு நாளுக்குள் அவரைப் பரிசோதித்திருந்தால் முதலாம் இலக்கப் படிவம் எழுதலாம். அதில் 72 மணிநேரம் வரை வைத்துப் பார்க்கலாம். "மூன்றாம் நாள் துரத்திவிட்டார்கள்" என்று நீங்கள் கோபப்பட்டது இந்த 72 மணிநேரத்தைத்தான். அதற்கு மேல் வைத்திருக்க வேறொரு படிவமும் அதற்கான காரணங்களும் வேண்டும். அப்போது மகனுக்கு உரிமை ஆலோசகரைச் சந்திக்கவும், இப்படியான முடிவுகளை மீளாய்வு செய்யும் சம்மதம் மற்றும் ஆற்றல் சபையில் முறையிடவும் உரிமை உண்டு. உள்ளே வைத்திருப்பதாலேயே மருந்தைத் திணிக்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை என்று வைத்தியர் தீர்மானித்தால், அவர் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பு அநேகமாகப் பெற்றோருக்கு வரும்.

ஆபத்து இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்பதும் முழுக்கச் சரியல்ல. முன்பு சிகிச்சையால் குணம் கண்டவர் மோசமாகச் சரிந்துகொண்டு போகிறார் என்பதையும் சில நிபந்தனைகளோடு சட்டம் கணக்கில் எடுக்கிறது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அது. உங்கள் மகனுக்கு இது பொருந்தக்கூடும். ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள்: குளிசையின் பெயர், நிறுத்திய மாதம், எத்தனை இரவு நித்திரை இல்லை, அவர் சொன்ன சொற்கள், குளிசை எடுத்தபோது எப்படி வேலைக்குப் போனார். "அவன் வளர்ந்த பிள்ளை, டொக்டர் எங்களோடு கதைக்கமாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களுக்கு விபரம் சொல்லத்தான் மகனின் சம்மதம் வேண்டும். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எவருடைய சம்மதமும் வேண்டாம்.

தாளை என்றைக்கும் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உடம்பு விழுகிற நிலை, 211 பலமுறை முயன்றும் முடியாத நிலை வந்தால் அதுவும் ஒரு வழி. முதல் வழி அல்ல.

வதிவிடமும் வேலையும்

நோய் வந்தது என்பதற்காக, 211ஐ அழைத்தது என்பதற்காக, வைத்தியசாலையில் இருந்தது என்பதற்காக நிரந்தர வதிவிடம் பறிபோகாது. இந்த விஷயத்தில் கவலைப்படவேண்டியது குற்ற வழக்கில் தண்டனை கிடைத்தால்தான். பொலிஸ் வந்த இடத்தில் இழுபறி நடந்து, அதிகாரியைத் தாக்கினார் என்று ஒரு வழக்கு எழுந்தால், பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அது பாரதூரமாகலாம். அப்படி நடந்தால் குற்ற வழக்குச் சட்டத்தரணியோடு நிற்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே குடிவரவுச் சட்டத்தரணியிடமும் கேட்கவேண்டும். வேலைக்கான பொலிஸ் சோதனையைப் பொறுத்தவரை, மனநலக் காரணத்துக்காகப் பொலிஸ் கூட்டிச் சென்றதை அதில் வெளியிட ஒன்ராறியோச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2018 நவம்பரிலிருந்து அதுதான் நடைமுறை. மகன் மறுபடி வேர்ஹவுஸ் வேலைக்கு விண்ணப்பிக்க போன குளிர்காலம் தடையில்லை. அவர் தேறியதும் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பாருங்கள்.

தேத்தண்ணீருக்குள் குளிசை

வேண்டாம் அம்மா. ஏன் செய்ய நினைத்தீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் சாப்பாட்டை மணந்து பார்க்கும் பிள்ளை அவர். ஒரு நாள் கோப்பையின் அடியில் வெள்ளைப் பொடியைக் கண்டால், இந்த வீட்டில் அவர் இன்னும் நம்பும் கடைசி ஆளையும் இழப்பார். மாதக்கணக்கில் நிறுத்தியதைப் பழைய அளவில் திடீரென்று தொடங்குவதிலும் உடம்புக்கு ஆபத்து உண்டு. சம்மதம் இல்லாமல் மருந்து கொடுப்பது சட்டத்துக்கும் சரியல்ல.

அவர் ஏன் நிறுத்தினார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: உடம்பு வைத்தது, நித்திரை தூக்கியது. அது பிடிவாதம் இல்லை, நியாயமான முறைப்பாடு. அந்த முறைப்பாட்டை வைத்தியரிடம் கொண்டுபோக உதவுங்கள். வேறு குளிசை உண்டு, அளவைக் குறைக்கலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர் விரும்பினால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும், மருந்துக்குப் பதிலாக இல்லாதவரை.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த இரவில் தெரிந்த ஒரே இலக்கத்தைத்தான் அவர் அழைத்தார். அதை அவரிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டும், தகப்பனும் சொல்லவேண்டும். மகன் சற்றுத் தெளிந்ததும் நால்வரும் இருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: நித்திரை குலைந்தால் முதலில் யாரை அழைப்பது, யார் கதைத்தால் அவர் கேட்பார், யார் அறைக்குள் வரக்கூடாது, எந்த வைத்தியசாலை, எது நடந்தால் மட்டும் 911. எழுதுவது மகனின் கையாக இருக்கட்டும். தங்கச்சியின் பெயரை அவர் அதில் எங்கே போடுகிறார், போடாமல் விடுகிறாரா என்பதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள். 211 குழு மறுபடி விசாரிக்க வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள், எழுத உட்காரவே முடியாவிட்டால் அதற்கும் அவர்களிடமே உதவி கேளுங்கள்.